மெதுவா எழுதுங்க சார்

இல்லீங்க சார், கெஞ்சறதுக்கு நிக்கல. தப்பு என்னோடதுதான். ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிட்டு, ஒரு கைய விட்டு ஹெல்மெட்ட அழுத்திப் புடிச்சுட்டு வந்தேன், நீங்க நிறுத்துனீங்க. கேஸ் போடுங்க. வண்டிச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், நான் எங்கயும் ஓடிப் போயிர மாட்டேன்.

ரூல் தெரியுங்க. பி.காம் படிச்சிருக்கேன். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். கையில வச்சுப் பேசுனாலும் குத்தம், காதுல சொருகுனாலும் குத்தம். தெரியாமப் பண்ணிட்டேன்னு சொன்னா அது பொய்யிங்க.

ஒண்ணு சார், இந்தக் கன்னட ஊர்ல நீங்க தமிழ்ல பேசுனது கொஞ்சம் தெம்பா இருக்குது. பேட்ஜ்ல ஜடையன்னு பாத்ததுமே நெனச்சேன், நம்ம பக்கத்துப் பேராச்சேன்னு. கொள்ளேகாலுங்களா? ஓ, டவுனுக்கே பக்கமா. நமக்கு ஹனூருங்க, அங்கருந்து இன்னும் உள்ள போகணும். இங்க ஹெப்பாள்ல ஒரு கம்பெனில கணக்கு எழுதறேன்.

ஊருக்குத்தான் போயிட்டிருக்கேன். பஸ்ஸுன்னா மாத்தி மாத்திப் போகணும், அதான் வண்டிய எடுத்தேன். அப்பாவுக்கு முடியலீங்க. கல்லுக்குவாரில காலமெல்லாம் பாறைக்கு ஓட்டை போட்ட மனுசன், நெஞ்சு பூராத் தூசி. இங்க பெரிய ஆஸ்பத்திரிலதான் வச்சிருந்தோம். இனி வீட்ல வச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லிப்போட்டாங்க. நேத்து தங்கச்சி கூட்டிட்டுப் போனா. லீவு சொல்லிட்டு வந்தர்றேன்னு நான் இங்கயே தங்கிட்டேன்.

அவரு மட்டும் என்னை இப்பிடிப் பாத்தாருன்னா, தோல உரிச்சுப் போடுவாரு. காதுல போனைச் சொருகிட்டு எவனாச்சும் வண்டில போனா, பாருடா, எமனுக்கு மிஸ்டு கால் குடுத்துட்டுப் போறான்னுவாரு. சொல்லிட்டு அவரே சிரிப்பாரு. சிரிச்சா இருமல் வந்துரும். அப்பறம் அம்மா திட்டும்.

என்னங்க சார்? போகச் சொல்றீங்களா? இல்லீங்க, வேண்டாம். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே. கேஸ் போடற மெஷினை எடுங்க. லைசென்ஸ் இந்தா இருக்கு. ஆர்.சி., இன்சூரன்ஸு... இருங்க, பையில இருக்குது. எமிஷன் சர்டிபிகேட்டும் பாத்துருங்க.

அய்யோ, போனை நீட்டாதீங்க. ஹெல்மெட்டக் கழட்டுனப்ப விழப் பாத்துச்சு, நீங்கதான் புடிச்சீங்க. உங்க கையிலயே இருக்கட்டும்.

ஆமாங்க, லைன் ஓடிட்டுத்தான் இருக்கு. கட் பண்ணிராதீங்க. கெஞ்ச மாட்டேன்னு சொன்னேன், இதுக்கு மட்டும் கெஞ்சறேன். நான் யாருகிட்டயும் பேசல சார். ஒரு வார்த்த பேசல. காலைல தங்கச்சி சுசித்ரா கூப்புட்டா. அண்ணா, அப்பா உன்னயே கேட்டுட்டு இருந்தாரு, இப்பக் கண்ணு தொறக்கல, வந்துருன்னா. போனை வைக்காத சுசி, அப்பா வாய்கிட்ட, தலகாணி மேல வச்சுட்டு நீ போயி அடுப்பப் பாருன்னு நான்தான் சொன்னேன்.

அவரு மூச்சு விசில் மாதிரி வரும் சார். தூசி அடச்ச நெஞ்சில்லீங்களா. இழுக்கறப்ப ஒரு சத்தம், விடறப்ப ஒரு சத்தம். சின்ன வயசுல அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஹெப்பாள்லருந்து இந்த ரிங் ரோடு வரைக்கும் அதக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன். அது கேக்கறவரைக்கும் நேரம் இருக்குதுன்னு அர்த்தமுங்களே.

ஹெல்மெட்ட எதுக்குடா அழுத்துனேன்னு கேட்டீங்கல்ல. பக்கத்துல ஒரு டிப்பர் லாரிங்க. அந்தச் சத்தத்துலதான் கேக்கலன்னு நெனச்சேன். அழுத்திப் பாத்தேன். அப்பறம் லாரி போயிருச்சு.

சுசி இன்னும் அடுப்பங்கரையிலதான் இருப்பா. அவளுக்குத் தெரியாது.

நீங்க கொஞ்சம் காதுல வச்சுப் பாருங்க சார். என்னால முடியாது. கேக்குதுன்னா சொல்லுங்க. கேக்கலீன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேஸ எழுதுங்க. மெதுவா எழுதுங்க.