பாடகரை ஏளப்பண்ணியவர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு நடுவயதுக்காரர்கள். ஜன்னலோரம் இருந்தவருக்கு நெற்றியில் திருமண், உடம்பில் மண்டை ஓடு போட்ட கறுப்பு பனியன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நேத்து பாடகரை நான்தான் ஏளப்பண்ணினேன்" என்றார்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"பெருமாளைத்தானே பல்லக்குல தூக்கிண்டு போய் ஏளப்பண்ணுவீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"துவாக்குடியில நம்ம ராக் பேண்டோட கச்சேரி. பாடகர் கிடாரை உடைச்சுட்டு, மேடையிலேர்ந்து கூட்டத்து மேல பாஞ்சுட்டார். எல்லார் கையிலயும் போன். படம் பிடிக்கறா, ஆளைப் பிடிக்க ஒருத்தன் இல்லை."

"ஐயோ. அப்புறம்?"

"பல்லக்கு தூக்கிப் பழகின தோள், தானாப் போயிடுத்து. பக்கத்துல நின்ன பசங்களை, போனை உள்ள வைங்கடான்னு அதட்டி ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வெச்சேன். குலுங்காம நடந்து மேடைகிட்ட கொண்டுபோனேன்."

"அவரு தன்னைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு ஆடச் சொல்லுவாரே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மைக்கைப் பொத்திண்டு என் காதுல சொல்றார், 'அண்ணா, இப்படியே இன்னொரு சுத்து போக முடியுமா? ஊர் ஊராப் போய் குதிச்சு முதுகே போச்சு'ன்னு."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"போனீங்களா?"

"போனேன். பாதி சுத்துல தூங்கிட்டார்."

"கூட்டம்?"

"அது பாட்டுக்குக் கத்திண்டிருந்தது."