பொய்வலி

உங்களுக்குக் காபியில் சர்க்கரை போடலாமா என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். கேட்கவில்லை. போட்டே கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் டம்ளரைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சாணார்பட்டியிலிருந்து வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள் அம்மா. வேறொன்றும் கலக்கவில்லை.

"எம் மகளுக்கு என்ன ஆச்சுன்னு நீயாவது சொல்லு தாயி. போலீசுக்கெல்லாம் போக மாட்டேன்" என்றீர்கள். சொல்வதில் எனக்கொன்றுமில்லை.

என் கொழுந்தன் செழியனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து உங்கள் மகள் கீர்த்தனா என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் அவளுக்கு எடுத்தது பித்தப்பைக் கல் இல்லை. உடம்பு குறைந்தால் பிள்ளை உண்டாகும் என்று வயிற்றைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைத்தார்கள். வெளியில் சொன்னால் கேவலம், கல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது நான்தான். அவள் பாதியாக இளைத்து நின்றபோது எதிர்வீட்டுப் பெருமாயி, "கல்லெடுத்தா இம்புட்டு மெலிவாகளா? எனக்கும் ஒரு கல்லு இருந்தாத் தேவலையே" என்றாள். கீர்த்தனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

செழியனால் பூ மார்க்கெட் கடையை விட்டு வர முடியவில்லை. துணைக்கு நான்தான் இருந்தேன். அவள் மயக்கத்தில் கிடந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இனிச் சீக்கிரமே கருத் தங்கும், ஆனால் ஒன்றரை வருடம் தள்ளிப் போட வேண்டும், அதற்குள் உண்டானால் தாய்க்குச் சோகை பிடித்துவிடும். இந்தக் குடலில் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர்-டிதான் வைக்க வேண்டும். என்றைக்காவது வயிறு பிடித்து வலித்தால், குடல் முறுக்கியிருக்கும், ஆபரேஷனைச் சொல்லி உடனே காட்ட வேண்டும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு மாதம்கூட நாள் தள்ளிப் போனதில்லை. இவளைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். தாராபுரம் வரும்வரை அந்த வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று காரில் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போடணுமாம். மாத்திரை போதுமாம்" என்றேன்.

மாத்திரையை நானே வாங்கினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை. பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள், தப்பாக நினைக்காதீர்கள்.

வருடம் திரும்புவதற்குள் அவளுக்கு நாள் தள்ளியது. பயந்துவிட்டாள்.

"கலைச்சிரவாக்கா?"

"பைத்தியமாடி உனக்கு? பெத்து எங்கிட்டக் குடு. நான் வளக்கிறேன்."

சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஏழாம் மாதம் ஒரு சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். "பொய்வலிடி. தலைப்பிள்ளைக்கு இப்பிடித்தான்" என்று சீரகத் தண்ணீர் கொடுத்தேன். இங்கே பார்த்த டாக்டரம்மா, முன்பு ஏதும் ஆபரேஷனா என்று கேட்டார். பித்தப்பைக் கல் என்று அவளே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியும், அது முறுக்கு. முறுக்கை எடுக்க வயிற்றைத் திறந்தால் பிள்ளை போய்விடுமோ என்றுதான் பொறுத்தேன். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தேன். மறுநாள் மதுரையில் திறந்தபோது அவள் குடல் கறுத்துப்போயிருந்தது. பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். அவள்தான் பிழைக்கவில்லை.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சோகையாகக் கொஞ்ச காலம் படுத்துக் கிடப்பாள், தொட்டில் என் அறையில் ஆடும் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் அழுதீர்கள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் பேத்தியையாவது எங்கிட்டக் குடுத்துரு" என்று எழுந்தீர்கள்.

நான் போய் அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினேன்.

"தர முடியாதும்மா" என்றேன். "இப்பத்தான் தூங்குனா. புது ஆள் தூக்கினா அழுவா. அவளுக்கு அம்மா கை பழகிருச்சு."