இருபத்தைந்து டிகிரி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ராஜபாளையத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் என் அறையில் ஏ.சி. எப்போதும் இருபத்தைந்தில்தான் ஓடும். கம்ப்யூட்டரில் போட்ட கணக்குக்கும் அதே இருபத்தைந்தைக் கொடுத்தது அந்தப் பழக்கத்தில்தான், இன்ஸ்பெக்டர். உள்நோக்கம் எதுவும் கிடையாது.

எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியில் தீக்காயக் களிம்பு தடவி விற்கிறது. எண்ணெயும் தண்ணீரும் கலந்த களிம்பு அது. இரண்டும் பிரியாமலிருக்க, ஒவ்வொரு எண்ணெய்த் துளியைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் வேலி போல நிற்கும். வேலி எத்தனை நாள் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. இரண்டு வருடம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரக்கு தகரக் கூரை குடோனுக்குப் போனது. சித்திரையில் அதற்குள் நாற்பத்தைந்து டிகிரி.

மாரிச்செல்வி எனக்குக் கீழே வேலை பார்த்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒருநாள் அவள் திரையில் நாற்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போனை எடுத்தாலே முதலாளியிடம் போட்டுக்கொடுக்கிறாளோ என்று தோன்றும். வணக்கம் சொன்னால்கூட ஏன் சொல்கிறாள் என்று யோசிப்பேன். சோறு இறங்கவில்லை. ஒரு மனிதனை இப்படித் தவிக்கவிடலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அவள் அப்பா கண்ணுச்சாமி பால்கோவா கிண்டும்போது கொதிக்கிற பால் கையில் கொட்டிவிட்டது.

"அப்பாவுக்கு சுகர் வேற இருக்கு சார். நம்ம பேண்டேஜ் ஒரு பெட்டி கிடைக்குமா? நீங்க பாத்துக் குடுத்தாப் போதும்," என்றாள்.

என் அறை அலமாரியில் நல்ல பெட்டி இருந்தது. நான் குடோனுக்கு நடந்தேன், அந்த வெயிலில். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மருந்தெல்லாம் ஓரமாக ஒதுங்கி, மிச்சம் வெறும் எண்ணெய். பக்கத்துப் பெட்டியைக் கொடுத்தேன். "மூணு நாளைக்குக் கட்டைப் பிரிக்க வேண்டாம்னு சொல்லு," என்றேன். புண் ஆறாமல் இழுத்தால் அவள் ஒரு மாதம் லீவில் இருப்பாள்; அதற்குள் குடோன் காலியாகிவிடும். காலியும் ஆனது.

புண் சீழ் பிடித்து, பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார். மாலையோடு போனேன்.

"நீங்க குடுத்ததாலதான் சார் அம்புட்டு நாளாவது இருந்தாக," என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டை எடுத்துவைத்திருந்ததால்தான் நீங்கள் வந்தீர்கள். அதற்கு முன்பே நான் அவள் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன். எனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் அதில் இருந்தது. "சார், நாற்பத்தைந்தில் ஓட்டினால் களிம்பு பிரிகிறது. உங்கள் கணக்கு தப்பாக இருக்காது. நான்தான் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன். திட்டாமல் பார்த்துச் சொல்லுங்கள்."

பார்த்தேன். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளை, அவள் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.