என் தங்கைக்கு நன்றி

ஹலோ... ஹலோ... அக்கா, நான்தான். கேக்குதா?... இல்ல இல்ல, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. பதறாத... தெரியும். நீ எழுதற நேரம்னு தெரியும். தெரிஞ்சுதான் பண்றேன்.

மெதுவாத்தான் பேசுவேன். சமையல்கட்டுல கதவைச் சாத்திட்டு நிக்கறேன். அத்தை வந்திருக்காங்க... அப்பாவோட தங்கச்சி, வேற எந்த அத்தை இருக்காங்க நமக்கு?... தானா வரல. அப்பாதான் வரச் சொல்லியிருக்காரு. 'நீ வந்து சமைச்சுப் போடு'ன்னு.

...

நான் குடுத்தா சாப்பிட மாட்டேங்கறாரு.

... கோவம் இல்லக்கா. கோவமா இருந்தா சமாளிச்சுடுவேனே. பயம். என்னைப் பாத்து பயப்படறாரு. தண்ணி டம்ளரை நீட்டினா, டம்ளரைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாக்கறாரு. முந்தாநேத்து, 'நீ ஒரு வாய் குடி, பாக்கறேன்'ன்னாரு. குடிச்சேன். அப்புறமும் வாயைத் திறக்கல.

ஏனா? ஏன்னு நீ என்னைக் கேக்கறியா?

உன் புதுப் புஸ்தகம்... ஆமா. பரிசு வாங்கிச்சே, அதேதான்... நான் படிச்சுக் காட்டல, எனக்கென்ன பைத்தியமா? போன மாசம் அத்தை வந்தப்ப அவங்களைப் படிக்கச் சொல்லியிருக்காரு. பெரிய பொண்ணு எழுதினதாச்சே. தனக்குத்தான் பொடி எழுத்து தெரியலையே. நான் கடைக்குப் போன நேரமெல்லாம் இவங்க படிக்க, அவர் கேக்க... அத்தை பாவம், பாதியிலேயே நிறுத்தியிருக்காங்க. அவர் விடல. 'மேல படி, மேல படி'ன்னு முழுசாக் கேட்டிருக்காரு.

... என்ன, 'வெறும் கதை'? பக்கவாதம் வந்து படுத்துக் கிடக்கற அப்பா. கல்யாணமாகாத சின்னப் பொண்ணு. மருந்துக் கடைல வேலை. மாத்திரையைப் பொடி பண்ணி, தெரியாம சாப்பாட்டுல கலந்து, கொஞ்சம் கொஞ்சமா அவர் புத்தியைக் குழப்பி, கடைசில ஆளையே முடிக்கறா. இது கதையா? இது நம்ம வீடேதான்க்கா!

... கொலை கற்பனைதான். அது ஒண்ணுதான் கற்பனை. மீதி? ஸ்பூனோட முதுகால மாத்திரையை நசுக்கறது யாரு? வேகவச்ச ஆப்பிளை மசிச்சு அதுல கலக்கறது யாரு? ஊட்டும்போது அவர் வாய் திறக்கறதுக்காகத் தானும் வாயைத் திறக்கறது யாரு? இதெல்லாம் எனக்கே தெரியாதுக்கா, நான் அப்படி வாயைத் திறக்கறேன்னு. நீ வீடியோல பாத்துச் சொல்லித்தான் தெரியும். நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன்.

...

நான் பேசி முடிச்சுடறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவியே. எப்படி ஊட்டற, என்ன சொல்லி ஊட்டற, வழிஞ்சா எதால தொடைப்ப, அவர் முகம் எப்படி மாறும்... போனை வச்சப்புறம் நான் அழுவேன் தெரியுமா? எங்கேயோ ஒரு தேசத்துல தனியா உக்காந்துகிட்டு, அப்பாவைப் பத்தி இவ்வளவு நினைக்கறாளேன்னு. நான் ஒரு மடச்சி.

... மாத்திரையா? ஆமா, சொன்னேன். எந்த மாத்திரை அதிகமானா ஆளுக்குக் குழப்பம் வரும்னு நீ கேட்ட, சொன்னேன். கதைக்குன்னுதான சொன்னே. எந்தக் கதைன்னு சொன்னியா? உன் முதல் நாவலுக்கு எழுத்துப் பிழை திருத்தினதே நான்தான். இந்த ஒண்ணை மட்டும் எனக்கு அனுப்பவே இல்லையே, ஏன்?

... ம்... ம்... 'மறந்துட்டேன்'.

சரி, அதை விடு. முதல் பக்கத்துல என்ன போட்டிருக்க? நான் சொல்லட்டுமா? 'மருந்து விவரங்கள் சொல்லி உதவிய என் தங்கைக்கு நன்றி.' பேர் போடல, ரொம்ப புண்ணியம். ஆனா உனக்கு எத்தனை தங்கச்சி இருக்கு?

... கடையிலயா? ஏன் கேக்கற? கவுண்டர்ல நிக்கல இப்ப. ஒரு வாடிக்கைக்காரர் சிரிச்சுக்கிட்டே, 'உங்க கையால வாங்கலாங்களா?'ன்னு கேட்டாரு. விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளே முதலாளி, 'கொஞ்ச நாளைக்கு உள்ள சரக்கு அடுக்கும்மா'ன்னுட்டாரு. இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர் சீட்டைத் தப்பாப் படிச்சவ இல்ல நான்.

இரு. அதுக்காகப் போன் பண்ணல. நேத்து தலகாணி உறை மாத்தினேன். உள்ளேருந்து மாத்திரை கொட்டுது. ரத்தக் கொதிப்பு மாத்திரை, எல்லாம். வாயில வாங்கி, கன்னத்துல அடக்கி, நான் திரும்பினதும் துப்பி ஒளிச்சு வச்சிருக்காரு. பொடி பண்ணி ஊட்ட விடாததால முழுசாக் குடுத்தேன், அதுக்கு இந்த கதி... டாக்டர் திட்டறாரு. இன்னொரு தடவை பக்கவாதம் வந்தா தாங்க மாட்டாராம். புரியுதா? நீ எழுதினது நடக்கப் போகுது. நான் ஒண்ணும் பண்ணாமலே.

நீ அவர்கிட்ட பேசு. இப்பவே. 'அப்பா, அது பொய், நான் கட்டின கதை'ன்னு உன் வாயால சொல்லு. நீ சொன்னா கேப்பாரு... அழுகையெல்லாம் அப்புறம். கொண்டு போறேன், இரு.

அத்தை, கொஞ்சம் நகருங்க... அப்பா. அப்பா, அக்கா பேசறா. காதுல வச்சுக்கோங்க... அந்தக் காது இல்ல, இந்தக் காது... நான் பிடிச்சுக்கறேன்... வேணாமா? சரி, நீங்களே பிடிங்க. நான் தள்ளி நிக்கறேன்.

...

...

குடுங்கப்பா. போதும். குடுங்க.

...

ஹலோ. சமையல்கட்டுக்கு வந்துட்டேன். சொன்னியா?... சொன்னே, இல்ல? அவர் என்ன சொன்னாருன்னு கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு. ரகசியம் பேசறதா நினைச்சுக்கிட்டு ஊருக்கே கேக்கறாப்பல பேசறாரு. 'அவ பக்கத்துல நிக்கறதால நீ அப்படிச் சொல்றே, எனக்குப் புரியுதும்மா. நீ புஸ்தகத்துல சொல்லி அனுப்பினதும் புரிஞ்சுது. ஜாக்கிரதையா இருக்கேன்.'

...

நீ தகவல் சொல்லி அனுப்பியிருக்கேன்னு நினைக்கறாருக்கா. அவரைக் காப்பாத்தறதுக்காகத்தான் நீ எழுதினதா. நீ எவ்வளவு இல்லேன்னு சொல்றியோ, அவ்வளவு ஆமான்னு ஆகுது. ஒரே ஒரு வாசகர் உன்னை இவ்வளவு நம்பியிருக்காரு. சந்தோஷப்படு.

... அடுத்த பதிப்புல நன்றியை எடுத்துடறியா? எடு. தாராளமா எடு... நர்ஸா? நர்ஸ் குடுத்தாலும் என்னைத்தான் பாப்பாரு, நான் சொல்லிக் குடுத்தேன்னு. நீ வா. நீ வந்து ஊட்டு. உன் கையால சாப்பிடுவாரு... எப்ப?... மொழிபெயர்ப்பு வெளியீடா... அது முடிஞ்சு ஊர் ஊரா வாசிப்புக் கூட்டமா... ம். ம். புரியுது.

வேணாம். நான் கெஞ்சல. அத்தை ஞாயித்துக்கிழமை அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நான் சரின்னுட்டேன். அவர் பொழைக்கணும்னா நான் கண்ணுல படக் கூடாது. அவ்வளவுதான்.

... மாத்திரையா? நேத்துலேருந்து உள்ள போகுது. எப்படின்னா... நான்தான் இங்க கதவைச் சாத்திட்டு நசுக்கறேன். அவருக்குத் தெரியாம கலக்கறேன். உன் புஸ்தகத்துல அவ என்ன பண்றாளோ, அச்சு அசலா அதையே. அத்தை அதைத் தன் சமையல்னு சொல்லி ஊட்டறாங்க. அவங்களும் நேத்து ராத்திரி தட்டை ஒரு தடவை மோந்து பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போனாங்க. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

...

என்ன கேட்ட?... இல்ல, திருப்பிக் கேளு... 'அவங்க மோந்து பாத்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?'

அக்காவாக் கேக்கறியா? இல்ல...

சொல்லு. எனக்கு இது ஒண்ணு மட்டும் தெரியணும். எதுக்காகக் கேட்ட?... யோசிக்காம சொல்லு... அக்கா?... ஹலோ?... ஹலோ...

வச்சுட்டா.

... ஒண்ணும் இல்ல அத்தை, அக்காதான். தட்டு ரெடியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க... மோந்து பாத்துக்கோங்க, பரவால்ல. நீங்க செஞ்சதுன்னு சொல்லிக் குடுங்க.