பிரேக் இல்லாத சைக்கிள்

“பிரேக் எதுக்குக்கா? ஏரியே நிறுத்திடும்.”

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில், என் முன் இருக்கை இளைஞன் இப்படிச் சொன்னதும், நான் பெருமையாக விரித்து வைத்திருந்த கல்லூரிப் புத்தகத்தை மூடிவிட்டேன். அவன் மடியில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய, சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். பக்கத்தில் அவன் அக்கா, மடியில் காலி மீன்கூடையோடு.

“கேரியர ஏன்டா கழட்டினே? உன்னாலதான் கூடைய தூக்கினு பஸ்ல அலையறேன்.”

“கனம் இருந்தா சைக்கிள் எழும்பாதுக்கா. மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். ஹேண்டில்பார்ல வலை நூல சுத்திட்டேன், கை வழுக்காது. இந்த ஃபோர்க்க மாட்டிட்டா முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம, கவுத்து வெச்ச படகு மேல பலகைய சாத்தி, வேகமா ஏறி, அப்டியே ஏரிக்குள்ள தாவப்போறேன்.”

“உப்புத் தண்ணில துரு புடிக்குமே?”

“படகுக்குப் பூசற சுறா எண்ணெய தடவிட்டேன்.”

“அய்ய! நாத்தம் தாங்காதுடா.”

“அது கரையில நிக்கறவங்களுக்கு. பறக்கறவனுக்கு இன்னா நாத்தம்?”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நைனாகிட்ட சொல்லிடாதக்கா. சைக்கிளப் பூட்டி வெச்சிடுவாரு.”

திருப்பாலைவனம் தாண்டும்வரை அவள் கூடையில் பிரிந்திருந்த நாரைச் செருகிக்கொண்டிருந்தாள். அவன் ஃபோர்க்கை இறுகப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சைக்கிள் சீட்ட கொஞ்சம் எறக்கி வை,” என்றாள்.

“எதுக்கு?”

“எனக்குக் கால் எட்ட வேணாமா? நான் தாவினப்புறம்தான் நீ.”