அடி மணல்

காபி ஆறிடப்போகுது மச்சான், குடிங்க. உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கத்தானே வேலூர்லேர்ந்து வந்தீங்க. சண்டை கிண்டை எதுவும் இல்ல. பொறுமையா சொல்றேன்.

குழந்தை குறைமாசத்துல போனப்புறம் பார்கவி ஒரே வார்த்தையத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. "என் கை பட்டா எதுவும் தங்காது ராம்கி." மனசு மாறட்டுமேன்னு நான்தான் இந்த உப்புத்தண்ணி தொட்டிய வாங்கிக் கொடுத்தேன். பவளம், ரெண்டு கோமாளி மீனு. அவ சிரிக்க ஆரம்பிச்சா. ஆனா என்கிட்ட இல்ல, மீனுங்ககிட்ட. நான் ஆபீஸ்லேர்ந்து வந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா.

மணல சுத்தம் பண்றதுல அவ ரொம்ப கறார். குழாய வச்சு மேல் மணல மட்டும் உறிஞ்சுவா. "அடிய கிளறிடாத. வருஷக்கணக்கா விஷக்காத்து அடைஞ்சு கிடக்கு, எல்லாம் செத்துடும்"னு எனக்கும் சொல்லி வச்சிருந்தா.

போன மாசம் மீனு பாறையில முட்டை போட்டுச்சு. "நம்ம வீட்டுலயும் பொறக்கப்போகுது ராம்கி"ன்னு அழுதா. எனக்கு வயிறு எரிஞ்சுது. மீன் மேல பொறாமையான்னு சிரிப்பீங்க. சிரிங்க.

உங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பின அன்னிக்கு, மேல் மணல சுத்தம் பண்ணிட்டுத்தான் வந்தா. அவ போனதும் நான் தோசைக்கரண்டிய எடுத்து அடி வரைக்கும் கிளறினேன். கறுப்பா எழும்புச்சு. அழுகின முட்டை நாத்தம். கீழ்வீட்டு காந்தாம்மா "ஏனப்பா இது வாசனே?"ன்னு கன்னடத்துல, என்ன நாத்தம்னு கேட்டாங்க. டிரெய்னேஜ்னு சொல்லிட்டு சாம்பிராணி போட்டேன்.

பொம்பளை மீனு சீக்கிரம் போயிடுச்சு. ஆம்பளை மீனு மட்டும் சாயுற வரைக்கும் முட்டைக்கு விசிறிக்கிட்டே இருந்துச்சு. பாவமாத்தான் இருந்துச்சு மச்சான், நான் என்ன கல்லா. அப்புறம் கறுப்பு தெரியாம மணல நிரவிட்டேன்.

அவ வந்து பாத்தா. கத்தல. "காலையில நான்தான் குழாய ஆழமா இறக்கிட்டேன் போல"ன்னா. நான் தலையத் தடவிக் கொடுத்தேன். அவ தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா.

அன்னிலேர்ந்து அந்தக் கைய துப்பட்டாவுக்குள்ளயே வச்சுக்கறா. எதையும் தொட மாட்டேங்கறா, சோத்தக்கூட. நான்தான் ஊட்டிவிடறேன், நான்தான் தலை வாரிவிடறேன்.

உண்மைய மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். இப்பதான் அவளுக்கு என்னை விட்டா யாரும் இல்லாம இருக்கு.