எடைக்கல்லைக் கையால் தொடாதீர்கள்

தராசு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் ஆடாத மேசை ஒன்றை வாங்க வேண்டும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேசையையே பாருங்கள், டெபுடி. நீங்கள் எழுதும்போதெல்லாம் என் காப்பி நடுங்குகிறது. இதன்மேல் வைத்து எதையும் நிறுக்க முடியாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆர்லன் ப்ரூயிட். வயது அறுபத்தெட்டு. இந்த ஊர் மருந்துக்கடையில் முப்பத்தேழு வருஷம் மருந்து நிறுத்துக் கொடுத்தவன். ஒரு நாளும், ஒருவருக்கும், கூடவோ குறையவோ போனதில்லை. அதனால்தான் ரைபிள் கிளப்பில் யார் தராசு வாங்கினாலும் என்னைக் கேட்டு வாங்குவார்கள்.

எங்கள் கிளப்பில் கடைத் தோட்டாவை யாரும் சுடுவதில்லை. பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை மேலே பொருத்தி, அவரவர் தோட்டாவை அவரவரே செய்துகொள்வோம். ஆயிரம் கெஜம் தள்ளி ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் விழ வேண்டுமென்றால் ஐந்திலும் மருந்து ஒரே எடை இருக்க வேண்டும். எங்கள் கணக்கு கிரெய்னில். ஒரு கிரெய்ன் என்றால் ஏறக்குறைய ஒரு மிளகு. அந்த மிளகில் ஐம்பதில் ஒரு பங்குக்காக எங்கள் ஆட்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

டாயில் எங்ஸ்ட்ராம் ஆறு வருஷத்துக்கு முன் வந்தான். தானியக் கிடங்கில் வேலை. கை பெரிது, மனசும் பெரிது, ஆனால் அவனிடம் இருந்தது சந்தையில் பொறுக்கிய ஒரு பழைய முள்தராசு. முள் ஒரு தடவை இங்கே நிற்கும், மறு தடவை அங்கே நிற்கும்.

"ஆர்லன், நீங்க சொல்றதத்தான் வாங்குவேன். ஆனா வீட்டுல மார்னாவுக்கு நீங்களே பதில் சொல்லிடுங்க" என்றான்.

நான் நான்கு தராசுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். மலிவான மின்தராசுகள் அரை மணி நேரத்தில் தானாகவே நகர்ந்துவிடும்; பக்கத்தில் ஹீட்டர் ஓடினால் இன்னும் மோசம். கடைசியில் ஆய்வுக்கூடங்களில் வைக்கிற வகை ஒன்றைச் சொன்னேன். மருந்துத் துகள் ஒன்று விழுந்தாலும் எண் மாறும். கூடவே, தராசைச் சரிபார்க்க ஒரு எடைக்கல். ஒவ்வொரு தடவையும் உட்காரும் முன் அந்தக் கல்லை வைத்து, அது காட்ட வேண்டிய எண்ணுக்குத் தராசைத் திருத்திக்கொள்ள வேண்டும். கல்லை விரலால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய்க்கும் எடை உண்டு. வெல்வெட் பெட்டியிலிருந்து இடுக்கியால் நேராக எடுத்து, நேராக வைத்து, நேராகத் திருப்பி வைக்க வேண்டும். டாயில் இதைப் பிரார்த்தனை மாதிரி செய்வான். முள்தராசை விற்றுவிடச் சொன்னதும் நான்தான். அது அப்போது நல்ல எண்ணத்தில் சொன்னது.

மார்னா அவன் மனைவி. கிராமப்புறத் தபால் வண்டி ஓட்டுகிறாள், ஓட்டினாள். தினம் நூற்றிருபது மைல் மண்பாதை. அவளைப் பற்றி இரண்டு விஷயம் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ரைபிளின் தொலைநோக்கியில் கண்ணை வைப்பாள். எத்தனை தடவை கண்டித்திருப்பேன். "கண்ணாடி போட்டா மூச்சுல மங்குது ஆர்லன், நீங்க வேணா தொடச்சு விடுறீங்களா?" என்பாள். இரண்டாவது, ஒவ்வொரு வசந்தத்திலும் பனி விலகி மைதானம் திறக்கும் முதல் போட்டியில் டாயிலின் ரைபிளில் முதல் குண்டை அவள் சுடுவாள். கல்யாணமான வருஷம் அப்படித் தற்செயலாகச் சுட்டு, அந்த வருஷம் அவனுக்கு ராசியாகிவிட்டதாம்.

கிளப் சுவரில் ஒரு பலகை உண்டு. ஐந்து குண்டுகளையும் மிக நெருக்கமாகச் சுட்டவன் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். என் பெயர் பதினொரு வருஷம் இருந்தது. போன வருஷம் செப்டம்பரில் டாயில் அதை முறியடித்தான். நான் சொன்ன தராசில், நான் சொன்ன முறையில். அதில் எனக்குப் பெருமைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் எல்லோரும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். மார்னா ஹக்கிள்பெரிப் பழம் அடைத்த இனிப்பு அப்பம் சுட்டிருந்தாள். மேசையில் இருந்த சமையல் தராசில் ஒரு துண்டை வைத்து, கத்தி முனையால் விளிம்பைச் சுரண்டிச் சுரண்டி, "எல்லாரும் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கோங்க, ஆர்லனுக்கு நிறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

முப்பது பேர் சிரித்தார்கள். டாயில்கூட. பிறகு என் பித்தளைத் தகட்டைத் திருகு கழற்றி, காகிதத்தில் சுற்றி, அந்த அப்பத் துண்டோடு என் கையில் கொடுத்தாள். "வீட்டுல மாட்டிக்கோங்க ஆர்லன். சும்மா குப்பையில போகக்கூடாதுன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

அவள் அன்பாகத்தான் செய்தாள் என்று டாயில் பிற்பாடு சொன்னான். இருக்கலாம். எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் நான் எதுவும் செய்ததில்லை. அப்பத்தை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

பிப்ரவரியில் உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் எடைக்கற்களை என்னிடம் தருவார்கள். என்னிடம் சான்று பெற்ற கற்கள் ஒரு வரிசை இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டு, தேய்ந்ததை ஒதுக்கிவிட்டுத் திருப்பித் தருவேன். இந்த வருஷம் பதினான்கு பேர் தந்தார்கள். பதின்மூன்று பேருக்கு அவர்கள் கல்லையே தந்தேன். டாயிலுக்குத் தந்தது வேறு. மேலே பார்க்க அதே கல், அதே எண். அடியில் நான் சற்று ஈயம் சேர்த்திருந்தேன்.

புரிகிறதா? கல் கனமானால் தராசு அதைத் தெரிந்துகொள்ளாது. கனமான கல்லைச் சரியான எடை என்று நம்பிக்கொள்ளும். அதன்பின் அது குறைவாகச் சொல்லும், ஆள் கூடுதலாகப் போடுவான். அடியைப் புரட்டிப் பார்த்தால் ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நான் பழக்கிய கிளப்பில் எடைக்கல்லை யாரும் புரட்டமாட்டார்கள். டாயில் அந்த மாதம் புது டப்பா மருந்து திறந்திருந்தான். கூட்டுக்குள் மட்டம் கொஞ்சம் ஏறித் தெரிந்தபோது, புது மருந்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டானாம். அதையும் நான் எதிர்பார்த்தேன்.

மே மாதம் முதல் ஞாயிறு, காலை பத்தே கால். நான் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். மார்னா முதல் குண்டைச் சுட்டதும், ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட் வழியாக அவள் முகத்துக்குத் தீ வந்தது. வலது கண் அங்கேயே போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். அவள் அலறவில்லை. "டாயில், மேகம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அதை நானும் கேட்டேன்.

மறுநாள் டாயில் வீட்டுக்குப் போனேன். தோட்டா செய்யும் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"நாந்தானே நிறுத்தேன் ஆர்லன். என் கையாலதானே போட்டேன். ரெண்டு தடவை பாத்தேனே."

"ரெண்டு தடவை பாத்தது பத்தாது, டாயில்" என்றேன்.

அவன் மேசையில் தலையை முட்டிக்கொண்டான். அவன் காப்பி போடப் போனபோது நான் மேசையை ஒழுங்குபடுத்திவைத்தேன். அவனுடைய அசல் எடைக்கல்லைப் பெட்டியில் வைத்தேன். மற்றது இதோ, இந்தப் பையில் இருக்கிறது. இடுக்கியும் உள்ளேயே இருக்கிறது. தயவுசெய்து கையால் தொடாதீர்கள்.

அங்கேதான் நான் தவறு செய்தேன். கல்லை மாற்றினேனே தவிர, தராசைத் திருத்தவில்லை. உங்கள் ஆட்கள் வந்து அசல் கல்லை வைத்துப் பார்த்தபோது தராசு எடையைக் குறைத்துக் காட்டியது. உடனே எழுதிவிட்டார்கள்: தராசில் கோளாறு. டாயிலும் அதைப் பிடித்துக்கொண்டான், மூழ்குகிறவனுக்கு ஏதாவது வேண்டுமே. நேற்று கிளப் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆர்லன் ப்ரூயிட் பரிந்துரைத்த தராசுகளை உறுப்பினர்கள் பயன்படுத்த வேண்டாம்.

ஐந்து மாதமாக மார்னா மாடிப்படியைக் கைகளால் தடவி இறங்குகிறாள். டாயில் இரவும் பகலும் தன்னையே கொன்றுகொண்டிருக்கிறான். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அந்த அறிவிப்பைப் பொறுக்க முடியவில்லை. அந்தத் தராசில் எந்தக் கோளாறும் இல்லை, டெபுடி. சொன்னதைச் சரியாகச் செய்தது. அதை மட்டும் அறிவிப்பில் திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

டாயிலைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. ரைபிள் கெட்டுப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். டாயில் என் மாணவன், நல்ல பையன். அவனுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். வசந்தத்தில் முதல் குண்டை அவன் ஒரு வருஷமும் சுட்டதில்லை.